ஒயருக்குள்ளே ஒரு கார்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் டிப்பரும் வரிசை கட்டிப் போகிற ரோடு. அந்த வரிசைக்கு நடுவே, கூரையில் ஒரு கம்பி, பின் பம்பரில் இன்னொரு கம்பி, ஜன்னல் இடுக்கில் கறுப்பு ஒயர் என்று ஒரு பழைய மாருதி ஆம்னி வந்தால் டீக்கடை பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். ஒருத்தர் "போலீஸ்" என்பார். இன்னொருத்தர் "இல்லப்பா, கேபிள் டிவிக்காரன்" என்பார்.

இரண்டும் இல்லை. உள்ளே இருப்பவர் ஹாம். மத்திய அரசு வைக்கும் பரீட்சை எழுதி, லைசென்ஸும் தனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். ராஜீவ் காந்திகூட ஹாம்தான், வி.யூ.2 ஆர்.ஜி. அவர் காரில் ஒயர் இப்படித் தொங்கியிருந்தால் பாதுகாப்பு அதிகாரிகள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் :-)

டேஷ்போர்டில் பிள்ளையார் இருந்த இடத்தில் இப்போது வயர்லெஸ் செட். பிள்ளையார் அதற்கு மேலே. மைக், கியர் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் காலடியில் ஒரு உபரி பேட்டரி, ஆகவே அவர் சம்மணம் போட்டுத்தான் வர வேண்டும். கேபிள் போகிற ஜன்னலை முழுசாக ஏற்ற முடியாது, மழை வந்தால் ஒழுகும். அதற்கு எம்சீல். எம்சீல் விட்டுப்போனால் இன்சுலேஷன் டேப். டேப் பிரிந்தால் அதன் மேலே இன்னொரு டேப்...

கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம், இது ஒரு மரபு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட் உலகம் பூராவும் பிரபலம். காயில் சுற்றத் தேவையான விசேஷ வளையம் இங்கே சுலபமாகக் கிடைக்காததால், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வாஷரிலேயே சுற்றச் சொன்னவர் அவர். ஹார்டுவேர் கடைக்குப் போய் "வாஷர் குடுங்கண்ணே, ரேடியோ பண்ணணும்" என்று கேட்டால் கடைக்காரர் முகம் எப்படி இருக்கும்!

ஆன்டெனா கதை தனி. 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் கம்பி போதும், கூரை நடுவில் நட்டால் கூரைத் தகடே மீதிப் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் தூர தேசத்துக்குப் பேச ஆசைப்பட்டு 7 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் கால் அலைநீளமே 10 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு பஸ். அதைக் குறுக்க பி.வி.சி. பைப்பில் செம்புக் கம்பியைச் சுற்றி நடுவில் செருகுவார்கள். போடுகிற 100 வாட்டில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும். மிச்சத்தைப் புளியமரக் கிளை பார்த்துக்கொள்ளும். ஆட்டத்தில் இணைப்பு விடும், சேரும், மறுபடி விடும். அரியலூர் மாவட்டமே 2001ல் தனியாகி, 2002ல் சேர்ந்து, 2007ல் மறுபடி தனியான ஊர் என்பதால் உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகியிருக்கும்.

ஆம்னியில் இன்னொரு வில்லங்கம். பெட்ரோல் எஞ்சின், அதுவும் முன் சீட்டுக்கு அடியிலேயே. ஸ்பார்க் பிளக் பொறிகிற ஒவ்வொரு முறையும் ரேடியோவில் 'டர்ர்ர்'. எதிராளி பேசுவது கேட்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைக்க வேண்டும்.

இவ்வளவு கேலியும் நியாயம்தான். ஆனால் 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) இருந்தது. உலக ஹாம்களோடு அரட்டை அடிக்கப் போனவர்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, அந்த அரட்டை செட்டில்தான் செய்திகள் கரைக்கு வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கரண்ட் கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. கரண்ட் போனால் செல்போன் டவர் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்? காருக்கு அந்தக் கவலை இல்லை. டாங்கியில் எண்ணெய் இருக்கிற வரை தன் கரண்டைத் தானே செய்துகொள்ளும். பச்சைமலை மேலே ஏறி நின்றால் சமவெளி பூராவுக்கும் குரல் போகும், வி.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில் போகிற சாதி.

கேலி செய்ய முடியாத இடம் ஒன்றுதான்: ஃபியூஸ். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் அங்கே இருக்கிற 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் போகும். உடனே நம்ம ஆள் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவார். அது தீக்குச்சி. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். செட் பக்கத்தில் போட்டால் நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவல் கிடையாது. தகட்டு விளிம்பில் உரசி உறை கிழிந்தால் பேட்டரியின் மொத்த வேகமும் அந்த ஒயரில்தான், நிமிடத்தில் பழுத்துவிடும். 20 ரூபாய் ஃபியூஸ் விஷயம். பிள்ளையாரால் ஆகாது.

அது சரியாக இருக்கிற வண்டி எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஓடட்டும். ஓடும் என்றால்... எஞ்சினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசியதில் பேட்டரி இறங்கியிருக்கும். டீக்கடை பெஞ்சு எழுந்து வந்து தள்ளும். தள்ளிக்கொண்டே ஒருத்தர் கேட்பார்:

"அண்ணே, இதுல எஃப்.எம். வருமா?"