சாலும் மோட்டாரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

'இயற்கைக்குத் திரும்புங்கள்!' என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அம்முழக்கத்தை நம் செவிக்குக் கொண்டுவருவது ஒலிபெருக்கி. மின்விசிறியை நிறுத்திவிட்டு அதைக் கேட்போர் எவருமில்லை. எந்திரமா, இயற்கையா என்னும் பட்டிமன்றம் நம் கல்லூரியிலும் பலமுறை நடந்துவிட்டது. அதைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கே விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுத விழைகிறேன். அது கிணறு.

தாராபுரம் பக்கம் மழை குறைந்த மேட்டுப்பூமி. ஆற்றுப் பாசனம் எட்டாத காடுகளுக்குக் கிணறுதான் தாய். என் அப்பாரு இளவயதில் கவலை இறைத்தவர். கவலை என்றதும் மனக்கவலை என எண்ணிவிட வேண்டா. தென்மாவட்ட நண்பர்கள் கமலை என்பர். இரண்டு எருதுகள் சரிவான தடத்தில் இறங்கும்போது வடக்கயிறு சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் தொங்கும் தோல் தும்பி வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னோக்கி ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதுவே வேலை.

அதைப் பொற்காலம் என்று பாட எனக்கு மனம் வரவில்லை. அப்பாரு கவலை ஓட்ட, பாத்திக்குப் பாத்தி மடை மாற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் பெரிய அத்தை. எட்டு வயதில் மண்வெட்டி பிடித்தவர், பள்ளியின் வாசலை மிதிக்கவே இல்லை. இன்றும் பேருந்தின் பெயர்ப்பலகையை என்னிடம் கேட்டுத்தான் ஏறுகிறார். மோட்டார் வந்த பிறகே எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கை மண்வெட்டியிலிருந்து விடுபட்டது. அந்த மின்சாரம் இல்லையேல் எங்கள் குடும்பத்தில் ஒருவன் கல்லூரிக்கு வந்து இம்மலரில் எழுதுவதேது? எருதுக்குத் திரும்புவோம் என்று எவரேனும் சொன்னால், அத்தையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பேன்.

ஆயினும் கவலையில் ஓர் அளவு இருந்தது. எருது களைத்தால் இறைப்பு நிற்கும். அது தண்ணீர் குடித்து நிழலில் படுத்திருக்கும் நேரத்தில் கிணற்றின் ஊற்று மெல்ல ஊறும். நேற்று எத்தனை படி நனைந்திருந்தது, இன்று எத்தனை படி என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். அதைப் பார்த்துத்தான் சோளமா, பருத்தியா என்று முடிவு செய்வார்களாம்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்திற்கு அதனால் மின்சாரம் வந்தது. சிற்றூர்க் கிணறுகளுக்கு மோட்டார் வரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. 1990 முதல் நம் மாநில உழவர்க்கு விவசாய மின்சாரம் இலவசம்.

நாம் வகுப்பில் படிப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. மேலே இருந்து உறிஞ்சும் பம்பு நீரை ஏற்றுவதில்லை, காற்றழுத்தமே ஏற்றுகிறது. அதன் வல்லமை ஏறத்தாழ 34 அடி. நடைமுறையில் 25 அடி ஏறினாலே பெரிது. நீர் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் மேடை மேடையாக இறக்கினார்கள். எங்கள் கிணற்றின் சுவரில் அப்படி மூன்று மேடைகள் இருக்கின்றன. பிறகு நீர்மூழ்கி மோட்டார் வந்தது. அது அடியிலிருந்து தள்ளுவது. காற்றழுத்தத்தின் வரம்பு அதற்கில்லை. 600 அடி, 800 அடி என்று பூமியைத் துளைக்கலாயினர்.

ஒரு சிறு கணக்கு. 40 அடியிலிருந்து ஒரு குடம் நீரை ஏற்ற ஆகும் வேலையைப்போல் 15 மடங்கு வேலை, அதே குடத்தை 600 அடியிலிருந்து ஏற்ற ஆகிறது. எருது இழுத்தால் முதல் நாளே படுத்துவிடும். மோட்டார் படுப்பதில்லை, கட்டணமும் இல்லை. ஆதலால் அந்த 15 மடங்கு யார் கண்ணிலும் படவில்லை! போதாக்குறைக்கு, நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர். கைபேசியில் அழைத்தால் ஓடும் கருவியும் வந்துவிட்டது. நீரைப் பார்க்காமலே நீர் இறைக்கிறோம். ஆறு அங்குலத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டைத் தவிர என்ன தெரியும்?

எங்கள் மூன்று ஏக்கரில் இரண்டு போர்கள் வறண்டுவிட்டன. மூன்றாவது போட அம்மாவின் நகையை அடகு வைப்பதென்று சென்ற கோடையில் பேச்சு நடந்தது. நான் இந்தக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். பழைய கிணற்றைத் தூர்வாரி, காட்டில் விழும் மழைநீரை மணலும் சல்லியும் நிரப்பிய தொட்டி வழியாக அதில் விடலாம். தென்னைக்குச் சொட்டுநீர் போடலாம். சிறு, குறு விவசாயிக்கு அதற்கு 100 விழுக்காடு மானியம் உண்டு என்றேன். சொட்டுநீர்க் குழாயும் எந்திரந்தான். ஆனால் அளந்து கொடுக்கும் எந்திரம்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ படிச்சவன், கணக்குப் போட்டுருவ கண்ணு. காயற தென்னைகிட்ட நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றார்.

அதற்கு என்னிடம் விடையில்லை. மழைநீர் ஒரே ஆண்டில் கிணற்றை நிரப்பிவிடாது. அதற்குள் சில மரங்கள் போய்விடக்கூடும். எந்த மரங்களை விடுவது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. அப்பாருதான் கோலூன்றிக்கொண்டு தோப்புக்குள் நடந்து, வயது முதிர்ந்த 22 மரங்களைத் தொட்டுக் காட்டினார். அப்பா அவற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். நகை இன்னும் அம்மாவிடமே இருக்கிறது.

கிணற்றில் இதுவரை பதினோரு அடி சேறும் குப்பையும் எடுத்தாயிற்று. மூன்றாவது மோட்டார் மேடை வெளியே தெரிகிறது. போர் வண்டிக்காரர் வாரம் ஒருமுறை அப்பாவைக் கைபேசியில் அழைக்கிறார். "ஐப்பசி மழையப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்கிறார் அப்பா.