முன் சீட்டில் அம்மா

ஓரிக்கையில் தறி நெய்யும் அந்த வீட்டுக்கு முதன்முதலாகக் கார் வந்தது. பத்து வருடம் ஓடிய வண்டி. கிளட்ச், ஏ.சி., டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பார்த்த மெக்கானிக், "தைரியமா வாங்குங்கண்ணா" என்றார். மூட்டுவலிக்கார அம்மாவுக்கு முன் சீட். அப்படியே இரண்டு முறை உத்திரமேரூர் போய்வந்தார்கள்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் கேட்டாள்: "அப்பா, ரீகால் இருக்கான்னு பாத்தீங்களா?"

ஆர்.சி.யில் இருந்த 17 இலக்க சேஸிஸ் எண்ணை, கார் கம்பெனியின் இணையதளத்தில் தட்டினாள். முன் சீட் ஏர்பேக்கை மாற்ற வேண்டும் என்று வந்தது.

"அது காத்து பலூன்தானே பாப்பா?"

"இல்லப்பா" என்று விளக்கினாள். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் அதை ஊத வைப்பது அம்மோனியம் நைட்ரேட். பல வருட வெயிலிலும் ஈரப்பதத்திலும் அது கெட்டுப்போனால், விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகள் முகத்தில் பாயும். உலகம் முழுக்கப் பல கோடி ஏர்பேக்குகள் ரீகால் ஆயின. 2017-ல் அந்த நிறுவனமே திவாலானது.

நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்து அவர் வாயடைத்துப் போனார். கம்பெனி அனுப்பிய கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருந்தது. கார் கைமாறிய விஷயம் கம்பெனிக்குத் தெரியாது.

சர்வீஸ் சென்டரில் பதிவு செய்தார். பாகம் வரும்வரை அம்மா பின் சீட்டில்தான். "கால நீட்ட முடியலடா" என்று தினமும் புலம்பல். மாற்றிய அன்று பில் கேட்டார். "ரீகாலுக்குக் காசு இல்ல சார், நீங்க எத்தனாவது ஓனரா இருந்தாலும்" என்றார்கள்.

திரும்பும்போது அம்மா முன் சீட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார்.