மாப்ள, அவரு என்னத்த வித்தாரு?

போன குத்தால சீசனுக்கு ஊர்ப்பக்கம் போயிருந்தேன் மக்கா. குளிச்சது ஒரு நாள். மிச்ச மூணு நாளும் திருவேங்கடத்துல, தங்கச்சி வீட்டுப் பஞ்சாயத்து.

மாப்ள ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல 11 வருஷமா கணக்கு எழுதுறார். தென்காசியில ஒரு 'விற்பனை குரு' நடத்தின இலவசக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஆளே மாறிட்டார். அடுத்தது மூணு நாள் பயிற்சி, கட்டணம் 45,000 ரூபாய். தங்கச்சியோட மூணு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குக் கிளம்பத் தயாரா இருந்துச்சு. (எனக்கு போன் வந்ததே அதனாலதான்!)

செல்போன்ல வீடியோ காட்டினார். கோட்டு சூட்டு, பின்னாடி வெளிநாட்டுக் கார், ஒரு சினிமா நடிகர் தோள்ல கை போட்டு போட்டோ.

"நல்லாத்தான் பேசுறாரு மாப்ள. இதுக்கு முன்னாடி என்னத்த வித்தாரு?"

"விற்பனை குரு மச்சான்..."

"அதான் கேக்கேன். சோப்பு வித்தாரா, சேலை வித்தாரா?"

முழிச்சார். நானும் ஒரு மணி நேரம் தேடிப் பார்த்தேன். கோர்ஸ் தவிர அவர் வேற எதையும் வித்ததா தெரியல.

அமெரிக்காவுல ஜோ ஜிரார்டுன்னு ஒருத்தர் இருந்தார். 1963ல இருந்து 1978க்குள்ள 13,001 செவர்லே கார் வித்தவர். மொத்தமா கம்பெனிகளுக்குத் தள்ளிவிட்டதில்லை, ஒவ்வொண்ணா ஒவ்வொரு ஆளுக்கு. கின்னஸ்ல இருக்கு. வாங்கினவங்களுக்கு மாசாமாசம் வாழ்த்து அட்டை அனுப்புவாராம். அவரும் பிற்பாடு புத்தகம், மேடைன்னு சம்பாதிச்சவர்தான். ஆனா எண்ணிப் பார்க்க கார் இருந்துச்சு.

இந்தப் பக்கம் பாருங்க. 'பாப் ஆஃப் சார்ட்'ங்கிற பேர்ல பங்குச்சந்தை சொல்லிக் கொடுத்த நசிருதீன் அன்சாரி மேல 2023 அக்டோபர்ல செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. லாபத்தைக் காட்டிக் காட்டி ஆள் சேர்த்தவரோட சொந்தக் கணக்குல 2021 ஜனவரியில இருந்து 2023 ஜூலை வரைக்கும் சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டம்னு அதுல இருக்கு. கோர்ஸ் வகையில வந்த 17.2 கோடியைத் தனிக் கணக்குல கட்டச் சொன்னாங்க. சந்தையில விட்டதை வகுப்புல எடுத்திருக்கார்னுதானே அர்த்தம்?

இதையெல்லாம் மாப்ளகிட்ட சொன்னேன். கணக்குப்பிள்ளை ஆச்சே, உடனே புரிஞ்சுக்கிட்டார். ஆனா மூஞ்சி வாடிப் போச்சு.

"அது சரி மச்சான். அந்தக் கூட்டத்துல என்னை மேடைக்கு ஏத்தி, என் பேரைச் சொல்லி அம்புட்டுப் பேரும் கை தட்டுனாங்க. எங்க ஆபீஸ்ல 11 வருஷத்துல ஒருத்தன் தட்டல."

என்னத்தச் சொல்ல? நான் சேர்த்து வச்சிருந்த புள்ளிவிவரம் எதுவும் அதுக்கு உதவல. எனக்குமே பதிவுக்கு நாலு பின்னூட்டம் வந்தாத்தானே தூக்கம் வருது :-)

மறுநாள் மாப்ளயே அந்த நம்பருக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கார். "நெகட்டிவ் ஆளுங்க பேச்சைக் கேக்காதீங்க சார், இன்னிக்குக் கட்டினா 10,000 தள்ளுபடி"ன்னு பதில் வந்துச்சாம்.

சங்கிலி தங்கச்சி கழுத்துலதான் இருக்கு. மாப்ளதான் எங்கூட சரியாப் பேசுறதில்ல.