செங்குழாய்த் தூண்டில்

மீன்பிடித்தலைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவது சைவ அன்பர்கள் சிலருக்கு உவப்பாயிராது, பொறுத்தருள்க. 2019 ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவிலுள்ள என் தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அங்கே கண்டது, பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மவர்க்குச் சுவைக்குமென்று எண்ணுகிறேன்.

தம்பி இருபதாண்டுகள் மாசச்சூசெட்ஸ் கடற்கரையில் வாழ்ந்தவன். வேலை பார்த்த நிறுவனம் இடம் மாறவே, ஐம்பத்திரண்டாம் வயதில் மேற்குக் கரைக்குக் குடிபெயர நேர்ந்தது. வீட்டுச் சாமான்களோடு அவன் மறவாது கொண்டுவந்தது, கீழைக்கரையார் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்னும் மீனைப் பிடிக்கும் தூண்டில். அம்மீன் நம் கொடுவாயை நினைவூட்டும். வெள்ளி உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நெடுக ஓடும்.

தூண்டில் எளியதே. ஒன்றரை அடிக்கு மேற்பட்ட செந்நிற ரப்பர்க் குழாய். அதன் வால்முனைக் கொக்கியில் ஒரு கடற்புழு. ஆள் நடக்கும் வேகத்தில் படகு செல்ல, பின்னே இழுபடும் குழாய் வளைந்து சுழன்று விலாங்குபோல் தோன்றும். கயிற்றின் உள்ளே ஈயம் ஓடுகிறது. பத்துக் கஜத்துக்கு ஒரு நிறம். ஒரு நிறம் விட்டால் ஏறக்குறைய ஐந்தடி ஆழம் இறங்கும் என்பது கணக்கு. பாறைகள் நிறைந்த குளிர்க்கடலில் மூன்று நிறம் விட்டுப் பழகிய கை அவனுடையது.

மேற்கே நீர் வேறு. சான் பாப்லோ விரிகுடா வண்டல் கலந்து பழுப்பாயிருக்கும், பெரும்பகுதி ஆழமற்றது, அடியில் சேறு. வசந்தம் முதல் அவனுக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. உள்ளூரார் மீன்வடிவப் பொய்யிரைகளை இழுத்துப் பிடித்தனர். செங்குழாயைக் கண்டு நகைத்தனர்.

"இருபது வருஷப் படிப்பு இங்கே செல்லாக்காசு, அண்ணாச்சி" என்றான். மீனை மட்டும் கருதிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. புதிய அலுவலகத்தில் தன்னினும் மிக இளையோரிடம் அவன் வேலை கற்றுக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் அம்மீனே அந்தக் கரைக்கு உரியதன்று! 1879 இல் நியூ ஜெர்சி ஆறொன்றில் பிடித்த குஞ்சுகளை ரயிலேற்றிக் கண்டத்தைக் கடந்து கொணர்ந்து, மார்ட்டினெஸ் ஊரருகே விட்டனர். பிழைத்துச் சேர்ந்தவை ஏறக்குறைய 130. 1882 இல் மேலும் 300 வந்தன. இருபதே ஆண்டுகளில் அவற்றின் வழி வந்தவை லட்சக்கணக்கான பவுண்டு எடையளவில் சந்தைக்கு வந்தன. இன்றும் அவை சால்மன் குஞ்சுகளை உண்கின்றன என்று குறைகூறுவோர் உண்டு. வந்தேறி என்னும் பெயர் நூற்றைம்பது ஆண்டானாலும் போவதில்லை போலும்.

ஒரு சனிக்கிழமை எனக்கும் ஒருநாள் உரிமச்சீட்டு வாங்கி அழைத்துப் போனான். புழுவும் கீழைக்கரையின் மேய்ன் மாநிலத்திலிருந்து கடற்பாசியில் பொதிந்து விமானத்தில் வந்ததென்று கடைக்காரர் சொன்னார். மூன்று முறை குழாய் சேற்றை உழுதுகொண்டு வந்தது. நான்காம் முறை, தம்பி ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுற்றி, ஈயத்தில் அரை நிறம் மட்டும் நீரில் விட்டான். படகையும் ஏற்றத்தின் போக்கோடு திருப்பினான். கால் மணி நேரத்தில் கோல் வளைந்தது. இருபத்து நான்கு அங்குல மீன். அன்றைய விதிப்படி பதினெட்டு இருந்தால் போதும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வலையை நீட்டுவதில் முனைந்திருந்தேன். அன்று முழுதும் எங்களுக்கு அகப்பட்டது அது ஒன்றே. பொய்யிரை இழுத்த பக்கத்துப் படகினர் நான்கு பிடித்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி மனைவி புளிக்குழம்பு வைத்தாள். மகளுக்கு மட்டும் இல்லை. 19 ஆம் நூற்றாண்டில் பொன் பிரித்தெடுக்கச் சுரங்கங்களில் கொட்டிய பாதரசம் அவ்விரிகுடாவில் இன்னும் கிடக்கிறது. ஆதலின் குழந்தைகளும் பிள்ளைபெறும் வயதுப் பெண்டிரும் அம்மீனை உண்ணலாகாதென்பது அரசின் அறிவுரை. அவள் தயிர்ச்சோறு உண்டபடி, எங்கள் இலைகளை ஏக்கத்தோடு பார்த்தாள்.

மறுநாள் காலை தம்பி கொல்லையில் அமர்ந்து புதுக்குழாய்கள் இரண்டு வெட்டிக்கொண்டிருந்தான். பழையனவற்றினும் நான்கு விரற்கடை குறைவாக.