திருத்தத்தில் தொடங்கும் வாசிப்பு

மும்பையில் வங்கி டிரஷரியில் கடன்பத்திர டீலராக இருப்பவனுக்கு, அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி மாலை ஆறு மணிக்கு வரும். அங்கே குளிர்காலமென்றால் ஏழு மணிக்கு. அதற்குள் நம் பத்திரச் சந்தை மூடியிருக்கும். வாங்கவோ விற்கவோ முடியாது, படிக்கத்தான் முடியும். அது ஒருவகையில் நல்லதே.

புதிதாகச் சேர்ந்த வேலைகள் எத்தனை என்றுதான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். நான் முந்தைய இரண்டு மாதங்களின் திருத்தத்துக்குப் போவேன். சுமார் 1,20,000 நிறுவனங்களிடமும் அரசு அமைப்புகளிடமும் கேட்டுத் தொகுப்பதே அந்த வேலைக் கணக்கு. பதில்கள் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடாது. தாமதமாக வருபவை சேரச் சேர எண் மாறும். மாதாமாதம் கீழ்நோக்கியே திருத்தினால், பொருளாதாரம் தோன்றியதைவிடத் தளர்ந்திருக்கிறது.

வேலையின்மை விகிதம் சுமார் 60,000 வீடுகளில் தனியாகக் கேட்டு எடுப்பது. அது ஏறினால் யாரால் ஏறியது என்று பார்க்க வேண்டும். ஆட்குறைப்பால் ஏறினால் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (ஃபெட்) பதறும்; புதிதாக வேலை தேடி வந்தவர்களால் ஏறினால் அத்தனை பதற்றம் இருக்காது. 1977 சட்டப்படி ஃபெடரல் ரிசர்வுக்கு விலைவாசியும் வேலைவாய்ப்பும் சேர்ந்தே பொறுப்பு. நம் ரிசர்வ் வங்கிக்கு 4 சதவீதப் பணவீக்க இலக்குதான் முதலில். அரசின் மாதாந்திர வேலையின்மைக் கணக்கே இங்கு 2025இல்தான் வரத் தொடங்கியது.

2024 ஜூலை 31 அன்று ஃபெட் வட்டியை 5.25–5.50 சதவீதத்திலேயே விட்டது. இரண்டே நாளில் ஜூலை அறிக்கை வந்தது: புதிய வேலைகள் 1,14,000 மட்டும், வேலையின்மை 4.1இலிருந்து 4.3. திங்களன்று ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. யென்னில் மலிவாகக் கடன் வாங்கி வேறிடத்தில் முதலிடும் வர்த்தகம் கலைந்ததும் அதில் சேர்த்தி. அறிக்கையின் உள்ளே புரட்டினால் பீதிக்கு அவ்வளவு காரணமில்லை. ஏறியதில் பெரும்பங்கு தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். வேலை தேடி வந்தோரும் கூடியிருந்தார்கள். ஆனாலும் வேலையின்மையின் போக்கு ஒரே திசையில் இருந்தது. என்னைக் கேட்டால், மத்திய வங்கி மதிப்பது அந்த மாத எண்ணைவிட இந்தப் போக்கைத்தான்.

ஆகஸ்ட் 21இல், மார்ச் வரையிலான ஓராண்டுக் கணக்கில் 8,18,000 வேலைகள் குறையலாம் என்ற முதற்கட்டத் திருத்தம் வந்தது. செப்டம்பர் 18இல் ஃபெட் வட்டியை ஒரேயடியாக அரை சதவீதப் புள்ளி குறைத்தது. ஜூலை அறிக்கை ஜூலைக் கூட்டத்துக்கு முன்பே கைக்கு வந்திருந்தால் அப்போதே குறைத்திருக்கக்கூடும் என்று அப்போதைய ஃபெட் தலைவர் பவல் ஒப்புக்கொண்டார். டிசம்பருக்குள் மொத்தக் குறைப்பு ஒரு சதவீதப் புள்ளி. இறுதித் திருத்தம் அடுத்த பிப்ரவரியில்தான் வந்தது. 8,18,000 என்றிருந்தது ஏறத்தாழ 6 லட்சமாகியிருந்தது.