டி.வி.வாலா பாய்

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணிநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, அலுமினியச் சட்டத்தின்மேல் கோழி வலையை வைத்துக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு என்றால் என் அம்மாவின் சித்தப்பா வீடு. பாளையங்கோட்டையிலிருந்து எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்க அகமதாபாத்துக்கு வந்த எனக்கு ஒன்றரை வருஷமாகச் சோறும் படுக்கையும் அங்கேதான்.

சின்னத் தாத்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"என்னலே இது? கோழி வளக்கப் போறியோ?"

பரீட்சைக்கான ஆய்வு வேலை என்றேன். நம் பால்வீதியில் ஹைட்ரஜன் வாயு நிறைந்து கிடக்கிறது. அது 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், ஓயாமல் ரேடியோ அலை வீசிக்கொண்டிருக்கிறது. நாலடி ஆன்டெனாவும் கைவிரல் அளவு ரிசீவரும் இருந்தால் நாமே அதைப் பிடித்துவிடலாம் என்று, வகுப்பில் சொன்னதை ஒப்பித்தேன். இவ்வளவு ஓட்டை உள்ள வலை எப்படி அலையைத் திருப்பும் என்று அவர் கேட்பார், விளக்கிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வலைக் கண்ணில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"ஓட்டை அலையக் காட்டிலும் ரொம்பச் சின்னதா இருந்தாச் சரி. அலைக்கு அது ஓட்டைன்னே தெரியாது, கண்ணாடி மாதிரித் திருப்பி விட்டுரும். எங்களுது பத்தடி. எண்ணூத்தி அறுபது மெகாஹெர்ட்ஸ்." சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா ஏதோ சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. அவர் வீட்டு இட்லியைத் தின்றுகொண்டே, இரவெல்லாம் ஆன்டெனாவைப் பற்றிப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்த 860 மெகாஹெர்ட்ஸ் எது என்று அன்றிரவே புரிந்துவிட்டது. 'ஸைட்' என்ற செயற்கைக்கோள் வழிக் கல்வி டெலிவிஷன் சோதனையைப் பற்றி எங்கள் பாடப் புத்தகத்திலேயே ஒரு பத்தி உண்டு. விக்ரம் சாராபாய் காலத்தில், 1969-ல், அமெரிக்க நாஸாவுடன் ஒப்பந்தமாயிற்று. 1971 டிசம்பரில் அவர் மறைந்தார். சோதனையை அவர் பார்க்கவில்லை. ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கக் கோளை 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆப்பிரிக்காவுக்கு மேலே, நமக்குத் தெரிகிற இடத்துக்கு நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அதன் ஆன்டெனா 30 அடி அகலம். மேலே அத்தனை பெரிதாக இருந்ததனால்தான் கீழே கிராமத்தில் பத்தடிக் கோழி வலை போதுமாயிற்று. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரே ஒரு வருஷம், ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் அதே ஆகஸ்ட் 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. இந்த இரண்டாவது செய்திக்குப் பிறகு வேலை இருக்கிறது.

மறுநாள் காபி நேரத்தில் கேட்டேன். முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவர் பாட்டி விளக்கேற்றும் வரையில் நிறுத்தவில்லை.

1975-ல் அவருக்கு வயது இருபத்து நாலு. ராஜஸ்தானில் ஒரு கிராமக் கூட்டத்துக்குச் செட் பழுது பார்க்கிறவராகப் போனார். ஹிந்தி அரைகுறை. ஒரு ஜீப், ஒரு கருவிப் பெட்டி, ஒரு திசைகாட்டி. பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ செட் இருக்கும். காலையில் ஒன்றரை மணி குழந்தைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி ஊராருக்கு. மின்சாரம் இல்லாத ஊரில் பாட்டரி. செட் நின்றுபோனால் காவலுக்கு இருக்கிற ஆள் ஒரு கார்டு போடுவான். கார்டு கிடைத்ததும் இவர் கிளம்பவேண்டும்.

"செட்டுக்குள்ள வந்த கோளாறு கொஞ்சந்தாம்லே. வெளியில வந்ததுதான் அதிகம்" என்றார். எலி கேபிளைக் கடிக்கும். பாட்டரியை எவனாவது டிராக்டருக்குக் கழற்றிப் போவான். தென்மேற்கு வானத்தைப் பார்த்து அண்ணாந்து நிற்க வேண்டிய ஆன்டெனாவை, ஓர் எருமை முதுகு சொறிந்துகொண்டே வடக்கே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கும். அந்த ஊருக்கு மட்டும் ஒரே மாதத்தில் மூன்று தடவை போனாராம். கடைசியில் ஆன்டெனாவைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். எருமை எங்கே சொறிந்துகொண்டது என்று நான் கேட்டேன். "ஜீப்புல" என்றார் தாத்தா.

1976 ஜூலை 31-ந் தேதியோடு ஒளிபரப்பு முடிந்தது. அமெரிக்கர்கள் கோளைத் திரும்ப நகர்த்திக்கொண்டார்கள். முடியப்போகிறது என்று ஊர் ஊராகச் சொல்லித்தான் இருந்தார்கள். இருந்தும் இரண்டு வாரம் கழித்து இவருக்கு ஒரு கார்டு வந்தது: 'செட் பழுது. உடனே வரவும்.'

"போனீங்களா?"

"போனேன். செட்டப் போட்டுக் காட்டுனேன். செட் நல்லாத்தாம்யா இருக்கு, வானத்துலதான் ஆள் இல்லன்னேன். அந்தாளு நம்பல. 'பெட்டியத் திறந்து பாரும்'னான். திறந்து, எல்லாத்தையும் துடைச்சு, மறுபடி மூடினேன். வேற என்ன செய்ய?"

அதற்குப் பிறகு அவர் குஜராத்துக்கு வந்தார். நம்மில் பலர் ரயிலில் நடியாத்தைத் தாண்டித்தான் பம்பாய்ப் பக்கம் போய் வருகிறோம். அதற்குப் பக்கத்தில் பீஜ் என்று ஒரு கிராமம். 1975-ல் அங்கே ஒரு கிலோவாட் சக்தியுள்ள சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நிறுவியிருந்தார்கள். கேடா ஜில்லாவில் சுமார் 400 கிராமங்களில் பொதுச் செட்டுகள். பல ஊர்களில் பால் கூட்டுறவுச் சங்கத்திலேயே செட் இருக்கும். பால் ஊற்ற வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்தது என்ன? பெரும்பாலும் தங்களையே. அகமதாபாத்திலிருந்து ஆட்கள் காமிராவோடு போய், கூலி கிடைக்காதவன் பேச்சையும் தீண்டாமை படும் குடும்பத்தின் பேச்சையும் அந்த வட்டார மொழியிலேயே பிடித்து வந்து போட்டார்கள். கிராமத்து ஆட்களே நடித்தார்கள். 1984-ல் யுனெஸ்கோ அதற்குப் பரிசு கொடுத்தது.

தாத்தா அங்கே ஒன்பது வருஷம் செட் பார்த்தார். ஜில்லா முழுவதும் அவருக்கு ஒரே பெயர்தான்: டி.வி.வாலா பாய். பாட்டிகூட இன்றும் கோபம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அது ஏன் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

1985-ல் பீஜ் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சென்னையில் இரண்டாவது சானலுக்கு வைப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. கேடா ஜில்லாக்காரர்கள் எதிர்த்தார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் தாத்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நடியாத்துல ஒரு டீக்கடை. ஒன்பது வருஷமா எனக்குக் காசு வாங்காம டீ குடுத்தவன். அன்னிக்குக் காசு கேட்டான். குடுத்தேன். சில்லறையத் தந்துட்டு, 'உங்க ஊருக்குத்தானே பாய் போவுது?'ன்னான். அவன் கோவமாக்கூடக் கேக்கலலே."

"எங்க ஊர் திருநெல்வேலி, மெட்ராஸ் இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"அவனுக்கு எல்லாம் மெட்ராஸ்தான்."

எனக்கு வாதம் செய்யத் தோன்றியது. அதற்குள் 1983-லேயே இன்சாட்-1பி வந்துவிட்டது. ஊருக்கு ஊர் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் முளைத்து டில்லி நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்துகொண்டிருந்தன. கேடாக்காரர்களுக்குப் படமே இல்லாமல் போய்விடவில்லையே என்றேன். "படம் இருந்துது" என்றார் தாத்தா. அவ்வளவுதான் பதில். நான் வாயை மூடிக்கொண்டேன். படம் வருவதும் நம் தெருப் பேச்சு நமக்கே திரும்பி வருவதும் ஒன்றல்ல என்று, அகமதாபாத் பஸ்ஸில் எவனோ ஒருவன் போனில் நெல்லைத் தமிழ் பேசக் கேட்டாலே திரும்பிப் பார்க்கிற நமக்குத் தெரியாதா?

பின்னொரு லீவில் அவர் சென்னைக்குப் போயிருந்தாராம். அவருடைய அம்மா அப்போது மூத்த மகன் வீட்டில். "இன்னொரு சானல் வந்திருக்குப்பா, உக்காந்து பாரு, நல்லாருக்கு" என்று கிழவி கூப்பிட்டாள். இவர் தலைவலி என்று மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். "அம்மா ஆசையாக் கூப்பிட்டா. பாத்திருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன விஷயம்.

என் ஆன்டெனா மார்ச் வரையில் ஒன்றையும் பிடிக்கவில்லை. திரையில் தட்டையாக ஒரு கோடு. ரிசீவரை மாற்றினேன், புரோகிராமை மாற்றி எழுதினேன், பேராசிரியரிடம் திட்டு வாங்கினேன். ஒரு நாள் தாத்தா மாடிக்கு வந்து, கண் சரியாகத் தெரியாததனால், கேபிளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நுனியிலிருந்து நுனிவரை உருவிக்கொண்டே போனார். பாதியில் நின்றார். "இங்க பாரு" என்றார். அணில் கடித்திருந்தது.

அன்று நள்ளிரவுக்குமேல் 1420-க்குப் பக்கத்தில் கோடு கொஞ்சம் வீங்கி எழும்பியது. எழுப்பிக்கொண்டு வந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "படம் வரலியேலே?" என்றார்.

பரீட்சை முடிந்ததும் பீஜுக்குப் போய் வரலாமா என்று அவரைக் கேட்டேன். நாற்பது வருஷமாக அந்தப் பக்கம் அவர் போகவில்லை. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"போவோம். யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா நீ பதில் சொல்லு. மெட்ராஸ்னு மட்டும் சொல்லிராத."