கப்பல் ஏறுவதற்கு முன் ஓர் இரவு



பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து புக்கெட் வரை மூன்று இரவுகள் கப்பலில் சென்று வருவது என்று எங்கள் வீட்டில் முடிவானபோது, முதலில் எழுந்த கேள்வி கிள்ளானிலிருந்து எப்போது புறப்படுவது என்பதுதான். கப்பல் மாலையில் கிளம்பும். அதிகாலையில் வண்டியை எடுத்தால் நண்பகலுக்குள் துறைமுகத்தை அடைந்துவிடலாம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் 350 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தச் சாலையில், விடுமுறைக் காலத்தில், கணக்குப்படி எதுவும் நடப்பதில்லை. ஈப்போவுக்கு அருகே ஒரு கனரக வண்டி கவிழ்ந்தால் போதும், இரண்டு மணி நேரம் போய்விடும். பேருந்தாவது அடுத்தது வரும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குவதே அறிவு என்பது எங்கள் கருத்தாக இருந்தது.

உம்மாவும் அதையே சொன்னார்கள். ஆனால் வேறு காரணத்துக்காக.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கடல் கடந்து போகிறவர் புறப்படுமுன் உற்றாரிடம் பிழை பொறுக்கக் கேட்பார், கடனிருந்தால் தீர்ப்பார், அடைக்கலப் பொருள் இருந்தால் திருப்பித் தருவார், தீராத கடனை வஸிய்யத்தாக எழுதி வைப்பார். விமானம் வந்த பிறகு ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் மட்டுமே இதைக் கடைப்பிடிக்கிறார்கள். உல்லாசப் பயணத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்களுக்கும் தோன்றியது. உம்மா விடவில்லை. “கடல் கடல்தானே? ஹஜ்ஜுக்குப் போனால் ஆழம், புக்கெட்டுக்குப் போனால் ஆழமில்லையா?” என்று கேட்டுவிட்டு, வாப்பாவின் பக்கம் திரும்பி, “உங்களுக்கு இன்னும் யாரிடம் பாக்கி இருக்கிறது?” என்றார்கள்.

வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். அவர் பினாங்கில் இருக்கிறார்.

வாப்பாவும் அவரும் 1976இல் ‘சிதம்பரம்’ கப்பலில் ஒன்றாக வந்தவர்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதற்கு முன் அதே வழியில் ‘ரஜூலா’ ஓடியது. 1985ஆம் ஆண்டு தீவிபத்துக்குப் பிறகு ‘சிதம்பரம்’ பயணிகளை ஏற்றிச் செல்வது நின்றுபோனது. இருவரும் சூலியா தெருவுக்கு அருகே ஒரு சந்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார்கள். 1991இல் வாப்பா கிள்ளானுக்குப் பெயர்ந்தபோது கடையிலிருந்து 3,200 வெள்ளி எடுத்துக்கொண்டார். அது தன் பங்கு என்பது அவர் எண்ணம். அது முதலில் கை வைத்ததாகும் என்பது கூட்டாளியின் எண்ணம். எழுத்து எதுவும் இல்லை. சண்டையும் இல்லை. அதன்பின் கல்யாண வீடுகளில் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஒரே பந்தியில் அமர்ந்ததில்லை. வாப்பா ஹஜ்ஜுக்குப் போகுமுன் தொலைபேசியில் இதைப் பற்றிக் கேட்டபோது, “போய் வா, வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்” என்று பதில் வந்ததாம். அந்தப் பேச்சு பிறகு நடக்கவே இல்லை.

ஆறு பேருக்கு நாங்கள் கட்டிய கப்பல் கட்டணம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று மேசையில் இருந்த அனைவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

புறப்பட்ட நாள் பயணம் இதமாக அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ். தாப்பா ஓய்விடத்துச் சுராவில் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், மெனோரா சுரங்கப்பாதை, பிறகு 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம். பாலத்தில் ஏறியதும் பிள்ளைகள் கப்பலைத் தேடினார்கள். அது மறுநாள் காலையில்தான் வரும் என்றோம். விடுதி ஸ்வெட்டன்ஹம் துறைக்கு அருகிலேயே கிடைத்தது. மூன்று இரவுகளுக்கு வண்டியை அங்கேயே நிறுத்திவைக்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு வைத்திருந்தோம். இவ்வாறு செல்வோர் அனைவரும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர மாலையாகலாம் என்பதால், மருந்துகளையும் கடவுச்சீட்டுகளையும் தொழுகை உடைகளையும் அன்றிரவே கைப்பையில் எடுத்து வைத்தோம்.

மஃரிபுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போனோம். 1801இல் காதர் மொஹிதீன் என்ற தென்னிந்திய முஸ்லிம் தலைவர் நிறுவிய பள்ளி அது. தெருவில் யாரேனும் நம்மைப் பார்த்துச் சொன்னால் மனம் புண்படும் சொல், பள்ளிவாசலின் பெயரில் இருநூறு ஆண்டுகளாக மரியாதையுடன் நிற்பது விந்தைதான். உள்ளூர் இமாமைப் பின்பற்றியதால் இஷாவை நான்கு ரக்அத்தாகவே தொழுதோம். தொழுது முடித்துத் திரும்பியபோது, இரண்டு வரிசைகளுக்குப் பின்னால் அந்த மாமா அமர்ந்திருந்தார். வாப்பா முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தார்.

“வீட்டுக்கு வா மச்சான். இங்கே கணக்குப் பேச வேண்டாம்” என்றார் மாமா.

பத்து நிமிட நடையில் இருந்தது அவருடைய அடுக்குமாடி வீடு. மாமி தேநீர் கொண்டுவந்தார்கள். வாப்பா சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். விளக்கம் சொல்லத் தொடங்கியவரை மாமா கையமர்த்தினார். “வேண்டாம், இருக்கட்டும்” என்று உறையைத் திருப்பித் தள்ளுவார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். திரைப்படங்களில் அப்படித்தான் நடக்கும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டுகளை வெளியே எடுத்து, விரலை ஈரமாக்கி, ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து, “3,200 இருக்கிறது” என்றார். பிறகு எழுந்து உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் 150 வெள்ளி இருந்தது.

“நீ விட்டுப்போன தராசை நான் விற்றுவிட்டேன். உன் காசில் வாங்கியது. இத்தனை நாளும் அது என் கழுத்தில் கிடந்தது” என்றார்.

வாப்பாவும் அதை எண்ணித்தான் வாங்கினார்.

எங்களுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. மாமா பணத்தை மறுத்திருந்தால் வாப்பாவின் சுமை இறங்கியிராது. அது ‘விட்டுக்கொடுக்கப்பட்ட கடன்’ என்ற வேறொரு சுமையாக மாறியிருக்கும். கடனை மன்னிப்பது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. கொடுக்க முடிந்தவர் கொடுக்க வரும்போது வாங்கிக்கொள்வதும் ஒரு தயவுதான் என்பதை இவ்வளவு அருகில் நாங்கள் கண்டதில்லை.

அதன்பின் இருவரும் பேசியது முழுக்கச் ‘சிதம்பரம்’ பற்றியதே. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, தள்ளி நிற்கும். படகில் போய், அலையில் படகு மேலெழும் நொடி பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். முந்தைய இரவு முழுவதும் தூங்காமல், தகரப் பெட்டிமேல் தலை வைத்துப் படுத்திருந்ததை மாமா சொன்னார். பெட்டி யாருடையது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. உம்மாவும் மாமியும் சிரித்த சிரிப்பில், தூங்கிவிட்ட எங்கள் சின்னவன் விழித்துக்கொண்டான். விடுதிக்குத் திரும்ப நள்ளிரவு ஆயிற்று.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு, ஜன்னல் வழியே கப்பல் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கட்டடங்களைவிட உயரம். காலைப் பசியாறலுக்கு எல்லோருக்கும் வாப்பாதான் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார், தராசுக் காசு.

அந்தக் கப்பலில் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் உண்டு. அந்தத் தளங்களுக்குப் போவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம்; ஹலால் உணவைப் பற்றியும் எழுதிக் கேட்டு உறுதி செய்திருந்தோம். அலை மிகுந்தால் உட்கார்ந்து தொழலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். துறையில் வரிசை நீளமாக இருந்தாலும் விரைவாகவே நகர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். அதில், அவசர நேரத்தில் கரையில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் அனைவரும் கிள்ளானில் உள்ள எங்கள் மாமியின் பெயரை எழுதினோம். வாப்பா மட்டும், முந்தைய இரவு வாங்கிய துண்டுச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து, பினாங்கு எண் ஒன்றைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.